ஆறு இல்லாத பலகை

மில் லேன் மைதானத்தின் கிழக்கு மூலையில்
பதினோரு படி ஏணி. உச்சியில் நான்.
ஆஷ்பெக் ரோவர்ஸ் அடித்ததையும் வாங்கியதையும்
ஊருக்குக் காட்டுவது என் வேலை.

தகடுகள் எங்களுக்கென்று செய்தவை அல்ல.
கடையை மூடிய ஒரு கிரிக்கெட் கிளப்பிடம்
நாற்பது பவுண்டுக்கு வாங்கியவை.
ஏழு, எட்டு, ஒன்பதெல்லாம் உண்டு.
ஆறு மட்டும் இல்லை.
யாரோ கழற்றிப் போய்
வீட்டுக் கதவில் அடித்திருக்கிறார்கள்.
எந்தத் தெரு என்று தெரியும். கேட்டதில்லை.
நாங்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு
ஆறு எதற்கு?

ஆகஸ்டில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
அடுத்த வாரம் ஒன்றுக்கு மூன்று.
செப்டம்பர் முழுக்க
எங்கள் கொக்கியிலிருந்து பூஜ்யம் இறங்கவே இல்லை.
அதற்கும் பலகைக்கும் நடுவில்
ஒரு சிலந்தி குடித்தனம் நடத்தியது.

நவம்பரில் மூடுபனி.
இரண்டுக்கு ஒன்று, நாங்கள் முன்னால்,
எழுபத்தோராம் நிமிடம்.
முதலில் தூரத்துக் கோல்கம்பம் கரைந்தது,
பிறகு நடுவட்டம்,
பிறகு எங்கள் கோல்கீப்பர் ரோலண்ட் தாக்ரே.
அவருடைய மஞ்சள் கையுறை மட்டும்
கொஞ்ச நேரம் தனியாக மிதந்தது.
நடுவர் ஊதினார். ஆட்டம் செல்லாது.
செல்லாது என்றால்?
பந்து வலைக்குள் போனதை
இந்தக் கண்ணால் இரண்டு முறை பார்த்தேன்.
இரண்டை இறக்காமலே வீட்டுக்குப் போனேன்.
காலையில் அதன்மேல் வெள்ளையாக உறைபனி.
பிப்ரவரியில் திரும்ப ஆடித் தோற்றோம்.

கோப்பை வேறு கணக்கு.
லீக்கில் காலை இழுத்து நடப்பவர்கள்
கோப்பை என்றதும் எங்கிருந்தோ ஓடுகிறார்கள்.
முதல் சுற்றில் எங்களைவிட ஏழைகள்.
இரண்டாம் சுற்று பெனால்டி வரை போனது.
பெனால்டிக்குப் பலகையில் இடமில்லை;
கீழே இறங்கிச் சுவரில்
சாக்பீஸால் கோடு போட்டேன்.
ஐந்தாவது கோட்டில் சாக்பீஸ் உடைந்தது.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை,
ஊரே கத்தியது.

மூன்றாம் சுற்றுக் குலுக்கலில் பெரிய பெயர் வந்தது.
அவர்களில் ஒருவனின் மாதச் சம்பளத்தில்
நாங்கள் ஒரு வருடம் பிழைப்போம்.
தேநீர் விற்கும் வினிஃப்ரெட்டுக்குக்
கோப்பை என்றால்
கூடுதலாக நானூறு காகிதக் கோப்பை.

ஒன்று.
இரண்டு.
மூன்றைத் தேடி எடுப்பதற்குள் நான்கு.
ஐந்து.
அப்புறம் அது வந்தது.
தொலைக்காட்சிக் கேமரா என்னைப் பார்த்து நிமிர்ந்தது.
ஒன்பதைக் கவிழ்த்து மாட்டினேன்.
வால் விறைத்த கிரிக்கெட் ஒன்பது,
ஆறாகப் பார்த்து முடியாமல்
வழுக்கி விழுந்தவன் போலக் கிடந்தது.
வந்தவர்கள் சிரித்தார்கள். எங்களவர்களும்தான்.

எண்பத்தெட்டாம் நிமிடம்
காலம் பிரியர்லி ஆபத்தை விரட்ட ஓங்கி உதைத்தான்.
கோலுக்காக அல்ல, சத்தியமாக அல்ல.
பந்து யாரோ ஒருவன் முதுகில் பட்டு உள்ளே போனது.
பதிவேட்டில் அது அவர்களுடைய சொந்தக் கோல்.
தகட்டில் பெயர் எழுதுவதில்லை.
ஒன்று என்றால் ஒன்று.
அதை மாட்டும்போது ஏணி ஆடியது.
காற்றில்லை,
ஒன்பதாயிரம் பேர் குதித்தது.

மே மாதக் கடைசி சனிக்கிழமை.
சமன் செய்தால் தப்பினோம்,
தோற்றால் லீக்கை விட்டே வெளியே.
வருடமெல்லாம் நான் திட்டிய பூஜ்யங்கள்
பெயிண்ட் உரிந்து அருகருகே.
வலப்பக்கத்துப் பூஜ்யத்தின்மேல்
ஒரு கையை வைத்தபடியே நின்றேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.
கூடுதலாக ஏழு நிமிடம் என்றார்கள்.
ஆறாவது நிமிடத்தில்
தாக்ரே பந்தை முகத்தால் தடுத்தார்.
மூக்கு உடைந்தது.
பூஜ்யம் உடையவில்லை.

கோப்பைப் பணத்தில் வடிகால் சரியானது,
பெண்கள் கழிப்பறைக்குக் கூரை வந்தது.
மிச்சத்தில் பொருளாளர் ஓர்மராட்
எனக்கொரு தகரமும்
ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் வாங்கித் தந்தார்.
ஜூனில் கொட்டகையில் குனிந்து
ஆறு எழுதிக்கொண்டிருந்தேன்.
தொந்தி வைத்த, நன்றாகச் சாப்பிட்ட ஆறு.
அவர் வாசலில் நின்று பார்த்தார்.
எந்தப் பக்கக் கொக்கிக்கு என்று
கேட்கவில்லை.